ஜலகண்டபுரத்துத் துண்டு சிட்னிக்குப் போக: இந்திய–ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தைப் பயன்படுத்தும் வழி

இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 2022 ஏப்ரல் 2 அன்று ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதே வருடம் டிசம்பர் 29 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சுருக்கமாக எக்டா என்பார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஏற்றுமதிக் காகித வேலை செய்துகொடுப்பது என் தொழில். ஜலகண்டபுரம், தாரமங்கலம் பக்கத்துத் தறிக்காரர்கள், சிவதாபுரம் கொலுசுப் பட்டறைக்காரர்கள், ஏற்காட்டில் மிளகும் காபியும் வைத்திருக்கிறவர்கள் என்று என்னிடம் வருகிற எல்லாரும் இந்த ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். துண்டு நெய்யும் தம்பி ஒருவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: “அக்கா, ஆஸ்திரேலியாவுல நம்ம சரக்குக்கு வரியே இல்லையாமே. அப்புறம் ஏங்க்கா எங்க பையர் அஞ்சு பர்சென்ட் கட்டுனேன்னு கணக்குக் காட்டுறாரு?”

அந்தப் பையர், அதாவது அங்கே சரக்கை வாங்கி இறக்குகிறவர், பொய் சொல்லவில்லை. இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்த சலுகை சரக்குக்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. இது இந்தியாவில் உருவான சரக்குதான் என்று சொல்லும் ஒரு சான்றிதழ் இங்கிருந்து போக வேண்டும். அங்கே அதைக் காட்டி இறக்குமதியாளர் சலுகையைக் கேட்க வேண்டும். இரண்டில் எது விடுபட்டாலும் பழைய வரிதான். ஆகவே விலை பேசுவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவற்றை நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

இந்த உறவு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தொழில் செய்கிறவருக்கு இது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பது இதிலிருந்துதான் புரியும்.

நாம் சுதந்திரம் வாங்கும் முன்பே, 1944-ல், ஆஸ்திரேலியா ஐவன் மக்கே என்ற படைத்தலைவரைத் தன் முதல் ஹைகமிஷனராக டெல்லிக்கு அனுப்பியது. இங்கிருந்து பராஞ்சபே கான்பராவுக்குப் போனார். காமன்வெல்த் நாடுகள் ஒன்றிலொன்று வைத்துக்கொள்ளும் தூதரகத்துக்கு ஹைகமிஷன் என்று பெயர். வேலை தூதரக வேலைதான். உறவு எப்போதும் சீராக இருந்ததில்லை. 1998-ல் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது ஆஸ்திரேலியா தன் ஹைகமிஷனரையே திரும்ப அழைத்துக்கொண்டது. வர்த்தக ஒப்பந்தப் பேச்சு 2011-ல் தொடங்கி, நடுவில் சில வருடங்கள் நின்றுபோய், 2021-ல் மறுபடி உயிர் பெற்றது. ஆசிய நாடுகள் பல சேர்ந்து பேசிய ஆர்செப் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு 2019-ல் இந்தியா விலகியது. அதன் பிறகுதான் இப்படி ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாகப் பேசுவது வேகமெடுத்தது.

யார் எதைக் கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். நாம் நிலக்கரிக்கும் கம்பளி உரோமத்துக்கும் வரியை எடுத்தோம். மைசூர்ப் பருப்புக்கு ஆண்டுக்கு 1,50,000 டன் அளவுவரை வரியைப் பாதியாக்கினோம். பால் பொருட்களைத் தொடவே விடவில்லை. மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எத்தனை என்று தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். அவர்கள் பக்கம் ஜவுளி, தோல், நகை போன்றவற்றுக்கு இருந்த வரி போனது. அந்த வரி பெரும்பாலும் 5 சதவீதம். முதல் நாளிலேயே மிகப் பெரும்பாலான பொருட்களுக்குப் போய்விட்டது. மீதமிருந்தவை படிப்படியாகக் குறைந்து 2026 ஜனவரி 1-ல் அவற்றுக்கும் பூஜ்யமாகிவிட்டது.

இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த 5 சதவீதத்தை வைத்துச் சந்தையையே பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சீனாவுக்கு ஆஸ்திரேலியாவோடு 2015 முதலே ஒப்பந்தம் உண்டு. வியட்நாம் ஆசியான் வழியாகச் சலுகை வாங்குகிறது. வங்கதேசத்துத் துணி ஏழை நாட்டுச் சலுகையில் வரியில்லாமல் போகிறது. இத்தனை காலம் நாம் மட்டும் சுமையோடு நின்றோம். இப்போது அவர்களுக்குச் சமமாக நிற்கிறோம். சமமாக நின்ற பிறகு சரக்கின் தரம்தான் பேச வேண்டும்.

உங்கள் சரக்கின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஒப்பந்தத்தில் துண்டு என்றோ கொலுசு என்றோ எங்கும் தேட முடியாது. எல்லாம் எச்எஸ் எண்களில், அதாவது சரக்குகளை வகை பிரிக்கும் எண்களில், இருக்கிறது. உலகம் முழுக்க முதல் ஆறு இலக்கங்கள் ஒன்றே. பருத்தி டெர்ரி டவல் 6302.60. அச்சடித்த பருத்திப் படுக்கை விரிப்பு 6302.21. வெள்ளிக் கொலுசு 7113.11. ஜவ்வரிசி 1903.00. பொடிக்காத மிளகு 0904.11, பொடித்தால் 0904.12. வறுக்காத காபிக்கொட்டை 0901.11, வறுத்தால் 0901.21.

ஆறுக்கு அப்புறம் வரும் இரண்டு இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குப் போட்டுக்கொள்கிறது. நம் ஊர் எட்டு இலக்கத்தை அப்படியே அங்கே பார்த்தால் வேறு சரக்கு வரக்கூடும். உங்கள் பில்லில் நம் எண் இருக்கட்டும்; அங்கே எந்த எட்டு இலக்கத்தில் இறக்குகிறார் என்று பையருக்காகக் கஸ்டம்ஸ் காகித வேலை பார்க்கும் புரோக்கரிடம் எழுதி வாங்குங்கள். முதல் ஆறு இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். இங்கே டவல் என்று ஒரு எண்ணும், அங்கே சமையலறைத் துணி என்று வேறொரு எண்ணும் போனால் சான்றிதழ் பயன்படாது. சந்தேகமான சரக்கு என்றால், எந்த எண்ணில் வரும், எந்த நாட்டுச் சரக்காகக் கருதப்படும் என்று முன்கூட்டியே எழுத்தில் முடிவு கேட்கும் வசதியை ஆஸ்திரேலியக் கஸ்டம்ஸ் வைத்திருக்கிறது. பையரைக் கேட்கச் சொல்லுங்கள்.

எண் கிடைத்ததும் இரண்டு வரியைப் பாருங்கள்: ஒப்பந்தமே இல்லாவிட்டால் எவ்வளவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு. பலர் முதலாவதைப் பார்ப்பதே இல்லை. ஏற்காட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வறுக்காத காபிக்கொட்டைக்கு ஆஸ்திரேலியாவில் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வரி கிடையாது. அதற்கு இந்த ஒப்பந்தத்தால் புதிதாக ஒன்றும் கிடைக்காது. சான்றிதழுக்கு அலைய வேண்டாம். துணிக்கும் வெள்ளிக்கும்தான் இந்த அலைச்சலுக்குப் பலன்.

கணக்கு எப்படி வரும் என்று பார்ப்போம். கப்பலில் ஏற்றிய விலை 10,000 ஆஸ்திரேலிய டாலருக்கு டவல் போகிறது. கப்பல் கூலியும் இன்சூரன்சும் 1,000 டாலர். ஆஸ்திரேலியா வரியைக் கப்பலில் ஏற்றிய விலைக்குத்தான் போடுகிறது. சான்றிதழ் இல்லாவிட்டால் 5 சதவீதம், அதாவது 500 டாலர். பிறகு சரக்கு, வரி, கப்பல் கூலி எல்லாம் சேர்ந்த 11,500-க்கு 10 சதவீத ஜிஎஸ்டி, 1,150. சான்றிதழ் இருந்தால் வரி பூஜ்யம், ஜிஎஸ்டி 11,000-க்கு 1,100. ஜிஎஸ்டி எப்படியும் உண்டு. எந்த ஒப்பந்தமும் அதைத் தொடாது. பதிவு பெற்ற வியாபாரி அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார். ஆகவே பையருக்கு உண்மையில் மிச்சமாவது 500 டாலர்.

அந்த 500 யாருக்கு? இதைப் பேசாமல் விட்டால் மொத்தமும் பையருக்கே போகும். “சான்றிதழ் எடுத்துத் தருகிறோம், உங்களுக்கு இவ்வளவு மிச்சமாகிறது, அந்த மிச்சத்தில் பாதியை விலையில் எங்களுக்குக் கூட்டிக்கொடுங்கள்” என்று மரியாதையாக, எண்ணைக் காட்டிக் கேளுங்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

இந்தியச் சரக்கு என்று நிரூபிப்பது

இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். தறி ஜலகண்டபுரத்தில் ஓடுகிறது, நெய்தவர் பக்கத்து வீட்டுக்காரர், பிறகு இதில் நிரூபிக்க என்ன இருக்கிறது என்று நினைப்பார்கள். ஒப்பந்தம் கேட்பது வேறு: பஞ்சு எங்கே விளைந்தது, நூல் எங்கே நூற்றது, வெளிநாட்டுப் பொருள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது?

முழுக்க இங்கேயே விளைந்தது, செய்தது என்றால் ஒரு பிரிவு. ஏற்காட்டு மிளகு அதில் எளிதாக வந்துவிடும். வெளிநாட்டுப் பொருள் கலந்திருந்தால் அடுத்த பிரிவு. அதற்கு ஒப்பந்தத்தின் இணைப்பில் ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக விதி போட்டிருக்கிறார்கள்: அந்த வெளிநாட்டுப் பொருள் இங்கே எவ்வளவு மாற வேண்டும், இந்தியாவில் எவ்வளவு மதிப்புக் கூடியிருக்க வேண்டும் என்று. கொலுசுக்கு வாங்கும் வெள்ளிக் கட்டி பெரும்பாலும் இறக்குமதி. விரிப்பில் போகும் பாலியஸ்டர் நூல் சீனாவிலிருந்து வந்திருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் இணைப்பில் தங்கள் எண்ணுக்கு நேரே இருக்கும் விதியைப் படித்துவிட்டுத்தான் பையருக்கு வாக்குக் கொடுக்க வேண்டும்.

இதற்கு ஒரு காஸ்ட் ஷீட், அதாவது செலவுக் கணக்குத் தாள், போட வேண்டும். ஒரு டவலுக்குப் பாவு நூல் எவ்வளவு, ஊடை நூல் எவ்வளவு, சாயம், தையல் நூல், லேபிள், பாலித்தீன் உறை, கூலி, கரண்டு, லாபம் என்று எல்லாம் தனித்தனியாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது இந்தியாவில் வாங்கியதா, இறக்குமதியா என்று இருக்க வேண்டும். இதைப் போட உட்காரும்போதுதான் நூல் பில் இல்லை என்பது தெரியவரும். புரோக்கரிடம் ரொக்கத்துக்கு வாங்கிய நூலுக்கு எந்த மில் என்றே தெரியாது. அந்த நூலில் நெய்த சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது இந்திய நூல் என்று உங்களால் காட்ட முடியாது. தயவுசெய்து மில் பெயரோடு பில் வாங்குங்கள். கூலிக்கு நெய்து வாங்குகிற மாஸ்டர் வீவர் என்றால் தறிக்காரருக்கு நூல் கொடுத்த டெலிவரி சலானையும், துணி திரும்பி வந்த சலானையும் சேர்த்து வையுங்கள். நீங்கள் வியாபாரி மட்டும்தான், நெய்வது வேறொருவர் என்றால் அவரிடமிருந்து கையெழுத்துப் போட்ட உறுதிமொழிக் கடிதம் வேண்டும். எல்லாவற்றையும் ஐந்து வருடத்துக்காவது தனி ஃபைலில் வையுங்கள். சரக்கு போய் வெகுநாள் கழித்தும் அங்கிருந்து கேள்வி வரலாம்.

சான்றிதழ் எடுப்பது

இதற்கு முன்னால் இருக்க வேண்டியவை எல்லா ஏற்றுமதிக்கும் பொதுவானவை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பான் எண்ணின்மேல் ஐஇசி என்ற ஏற்றுமதி–இறக்குமதி எண், கட்டணம் 500 ரூபாய். அதை வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும், விட்டால் செயலிழக்கும். ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையின் எண்ணான ஏடி கோடு. ஜிஎஸ்டி கட்டாமல் அனுப்ப ஒவ்வொரு நிதியாண்டுக்கும் எல்யூடி என்ற உறுதிமொழிப் பத்திரம். உங்கள் சரக்குக்கான ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகத்தில் உறுப்பினர் பதிவு. மிளகுக்கு ஸ்பைசஸ் போர்டு, காபிக்குக் காபி போர்டு.

சான்றிதழை மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டிஜிஎஃப்டி நடத்தும் இணையதளத்தில் எடுக்கலாம். ஐஇசியோடு உள்ளே போய், எந்த ஒப்பந்தம் என்பதில் இந்திய–ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுத்து, சான்றிதழ் வழங்கும் அமைப்பைக் குறிப்பிட்டு, பில், காஸ்ட் ஷீட், கப்பல் விவரம் ஏற்ற வேண்டும். இந்தியச் சரக்கு என்பதற்கு எந்தப் பிரிவு என்று கேட்கும் கட்டத்தைப் பதறாமல் நிரப்புங்கள். முழுக்க இங்கேயே உருவானது என்று போட்டுவிட்டு உள்ளே சீன நூல் இருந்தால் அது பொய்ச் சான்று. எடை, பெட்டி எண்ணிக்கை, பில் எண் மூன்றும் நம் கஸ்டம்சில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லிலும் கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங்கிலும் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும்.

கப்பல் புறப்படும் நேரத்திலேயே இதை முடித்துவிடுங்கள். பின்னால் வாங்கவும் இடம் உண்டு. ஆனால் அதற்குள் பையர் துறைமுகத்தில் வரியைக் கட்டியிருப்பார், பிறகு திரும்பப் பெற மனுப் போட வேண்டியிருக்கும். தூத்துக்குடியிலிருந்தோ சென்னையிலிருந்தோ போகும் பெட்டி கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கப்பல் மாறினால் கவலையில்லை. அங்கே பெட்டியைத் திறந்து விற்றாலோ வேலை பார்த்தாலோதான் சலுகை போய்விடும்.

வரியைவிடக் கண்டிப்பான காவல்

ஆஸ்திரேலியா தீவு. வெளியிலிருந்து ஒரு பூச்சியோ விதையோ வந்துவிடக் கூடாது என்பதில் அவர்கள் காட்டும் கண்டிப்பு எனக்கு மரியாதையைத்தான் தருகிறது. உயிரினங்கள் ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வேர் பிடிப்பது நமக்கும் தெரியும். ஏற்காட்டுத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், நம் மிளகுக்கொடி ஏறும் அதே மரம், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைச் சேர்ந்ததுதான். அது நமக்கு நன்மையாக முடிந்தது. எல்லாம் அப்படி முடிவதில்லை.

கப்பலில் போகும் சரக்குக்குப் பேக்கிங் டிக்ளரேஷன் என்று ஒரு தாள் கேட்பார்கள். உள்ளே வைக்கோல் இல்லை, மரம் இருந்தால் சர்வதேச விதிப்படி பதப்படுத்திய முத்திரை இருக்கிறது, பெட்டி சுத்தமாக இருக்கிறது என்று நீங்கள் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வைக்கோலை அடைத்து அனுப்பும் பழக்கம் இங்கே யாருக்காவது இருந்தால் இந்த நாட்டுக்கு வேண்டவே வேண்டாம். முத்திரை இல்லாத மரப் பலகையும் வேண்டாம். பழைய சாக்கில் பேல் கட்டாதீர்கள். முன்பு தானியம் இருந்த சாக்காக இருந்தால் வண்டு அதிலேயே ஒளிந்திருக்கும்.

மிளகை அங்கே சால்மோனெல்லா கிருமிக்குச் சோதிப்பார்கள். ஏற்காட்டில் மிளகு காயவைக்கிற அண்ணன்மார்களுக்குச் சொல்கிறேன்: சாணி மெழுகிய களத்தில் காயவைத்த மிளகை அனுப்ப நினைக்காதீர்கள். பறித்து உதிர்த்த மிளகைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, சிமென்ட் களத்திலோ சுத்தமான தார்ப்பாயிலோ கோழியும் நாயும் வராமல் காயவையுங்கள். கிருமி குறையும், சீக்கிரம் காயும், நிறமும் ஒரே கருப்பாக வரும். மலையில் மூட்டம் போடும் நாட்களில் இது பெரிய உதவி.

துணிக்கு இரண்டு விஷயம். எப்படித் துவைக்க வேண்டும் என்ற லேபிள், எந்த நாட்டில் செய்தது என்ற லேபிள், இரண்டும் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கட்டும். சாயத்தில், புற்றுநோய்க்குக் காரணமாகும் சில அசோ சாயங்களை இந்தியாவே 1990-களில் தடைசெய்துவிட்டது. ஆனாலும் சாயப்பட்டறையிலிருந்து பரிசோதனை அறிக்கை வாங்கி வையுங்கள். அங்கே அப்படிச் சாயம் கண்டுபிடித்த விரிப்புகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க வைத்திருக்கிறார்கள்.

தூதரகத்தை எதற்குக் கேட்கலாம்

நம் ஆட்கள் தூதரகம் என்றால் விசாவுக்கு மட்டும் என்று நினைத்துக் கூச்சப்படுகிறார்கள். கான்பராவில் இருக்கும் இந்திய ஹைகமிஷனும் சிட்னி, மெல்போர்ன் போன்ற ஊர்களில் இருக்கும் நம் துணைத் தூதரகங்களும் வர்த்தக வேலையும் பார்க்கின்றன. அதற்குத்தான் நாம் வரி கட்டுகிறோம். ஆஸ்திரேலியாவுக்கும் சென்னையில் துணைத் தூதரகம் உண்டு.

முதலில் நீங்களே செய்யக்கூடியதைச் செய்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் தொழில் செய்கிறவருக்கு ஏபிஎன் என்ற 11 இலக்க எண் இருக்கும். அவர்கள் அரசின் இணையப் பதிவேட்டில் அதை யாரும் இலவசமாகத் தேடலாம்: பெயர் என்ன, எப்போதிலிருந்து, இப்போதும் செயலில் இருக்கிறதா, ஜிஎஸ்டி பதிவு உண்டா என்று எல்லாம் வரும். எண் கேட்டுத் தராத பையருக்குச் சாம்பிளும் அனுப்பாதீர்கள். தருகிறவருக்கு 1,000 ஆஸ்திரேலிய டாலருக்குள் மதிப்புள்ள சாம்பிள் என்றால் சுங்க வரி பற்றிய கவலை இல்லாமல் அனுப்பலாம்.

அதற்குப் பிறகு துணைத் தூதரகத்தின் வர்த்தகப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். நீளமாக எழுதாதீர்கள். நீங்கள் யார், எந்த ஊர், ஐஇசி எண். சரக்கு, அதன் ஆறு இலக்க எண். மாதம் எவ்வளவு தர முடியும். யாரைப் பற்றி விசாரிக்கிறீர்கள், அவருடைய ஏபிஎன். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. “எங்களுக்கு ஆர்டர் வாங்கித் தாருங்கள்” என்பது கேள்வி ஆகாது. “இந்த நிறுவனத்தைப் பற்றி உங்களுக்குப் புகார் ஏதும் வந்திருக்கிறதா” என்பது கேள்வி. “வீட்டுத் துணி இறக்குமதி செய்கிறவர்களின் சங்கம் எது” என்பதும் கேள்வி. பதில் சொல்ல முடிகிற கேள்வியைக் கேட்டால் அவர்களும் பதில் சொல்வார்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள். பையர் பணம் தராவிட்டால் தூதரகம் வசூலித்துத் தராது. பேச்சுக்கு அழைக்கலாம், கடிதம் எழுதலாம், அவ்வளவே. பாதுகாப்புக்கு முன்பணம் வாங்குங்கள், மீதிக்குச் சரக்குக் காகிதங்கள் வங்கி வழியாகப் போகும்படி வையுங்கள், பையர் பணம் தராவிட்டால் ஈடுகட்டும் இசிஜிசி காப்பீடு எடுங்கள்.

முதல் சரக்கு இறங்கிய பிறகு

பையரின் புரோக்கர் தாக்கல் செய்த இறக்குமதிப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் சலுகை கேட்டிருக்கிறாரா, எந்த எட்டு இலக்கம் போட்டிருக்கிறார், வரி பூஜ்யமா என்று பாருங்கள். நான் முதலில் சொன்ன தம்பியின் விஷயம் இதில்தான் வெளிப்பட்டது. சான்றிதழ் இங்கிருந்து சரியாகவே போயிருந்தது. அங்கே புரோக்கர் சலுகை கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். தகவலை எழுதிக்காட்டியதும் பையர் திரும்பப் பெற மனுப் போட்டார்.

இந்த ஒப்பந்தம் இறுதியானது கிடையாது. இதைவிடப் பெரிய முழு ஒப்பந்தத்துக்கு, சீக்கா என்ற பெயரில், இரண்டு நாடுகளும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. பேசுகிற அதிகாரிகளுக்குத் தாரமங்கலத்துத் தறியில் என்ன சிக்கல் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். உங்கள் ஏற்றுமதிக் கழகம் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பும். அதை ஒதுக்கிவிடாமல் பதில் எழுதுங்கள். சான்றிதழில் எந்தக் கட்டம் புரியவில்லை, பரிசோதனை அறிக்கைக்கு எவ்வளவு செலவாகிறது, எந்த விதியால் உங்கள் சரக்கு வெளியே நிற்கிறது என்று எழுதுங்கள். தமிழில் எழுதி யாரையாவது மொழிபெயர்க்கச் சொன்னாலும் சரி. சரக்கின் ஆறு இலக்க எண்ணை முதல் வரியிலேயே போட்டு, அந்த இறக்குமதிப் பத்திரத்தின் நகலையும் கூடவே இணையுங்கள்.